வண்டுக்கு ஒரு பக்கம், அந்துப்பூச்சிக்கு ஒரு பக்கம்

கட்டுகஸ்தோட்டை,
13.05.1979

அன்புள்ள றம்லத் தாத்தாவுக்கு,

நானும் தம்பி வீட்டாரும் சுகம். நீங்கள் இங்கிலாந்துக்குப் போய் எட்டு மாதமாகிறது. மேலே முதலில் "மிஸ்" என்று எழுதி, பிறகு வெட்டித் திருத்தியிருக்கிறேன், பாருங்கள். அக்குறணையில் உங்கள் தங்கைமார் மூத்த அக்காவைக் கூப்பிடுவதுபோல நானும் "தாத்தா" என்றே கூப்பிட வேண்டும் என்று நீங்கள் சொன்னது நினைவில் இருக்கிறது. கைதான் பழைய பழக்கத்தில் போய்விடுகிறது.

கெட்டம்பையில் நம் ஆராய்ச்சித் தோட்டத்துக் கத்தரிப் பாத்திகளை உழுது சோளம் போட்டுவிட்டார்கள். மார்ச் மாதத்தோடு என்னையும் நிறுத்திவிட்டார்கள். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாதவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாதாம். போகும் முன் தோட்டத்துத் தலைவரிடம் எனக்காகப் பேசுவதாகச் சொன்னீர்கள். அவசரத்தில் மறந்திருக்கும். இப்போது பாலத்துக்குக் கிட்ட ஒரு ஸ்டோரில் மிளகும் கிராம்பும் புடைக்கிறேன். இரண்டு போகம் வண்டு எண்ணிய கண்ணுக்கு மிளகில் கல் பொறுக்குவது ஒரு வேலையே இல்லை.

எழுத வந்த விசயம் வேறு. போன கிழமை விவசாயிகள் கூட்டத்தில் பூச்சிமருந்துக் கம்பனி கொடுத்ததென்று தம்பி இருளப்பன் ஒரு துண்டுப்பிரசுரம் கொண்டுவந்தான். மடிப்பைப் பிரித்தால் நம் புள்ளி வண்டு! முதுகில் இருபத்தெட்டுப் புள்ளிகளும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். கீழே, கெட்டம்பையில் நடந்த ஆய்வின்படி, கிழமை தவறாமல் ஏழு நாளுக்கு ஒரு தடவை மருந்து அடிக்கச் சொல்லியிருக்கிறது. "இது நாங்க செஞ்சதுடா" என்றேன். இருளப்பனுக்கு வாயெல்லாம் பல். "நீ எண்ணின கணக்குன்னா கண்ண மூடிக்கிட்டு அடிக்கலாம்க்கா" என்றான். அடி என்று நானும் சொன்னேன். மகாவலிக் கரையில் அவன் குத்தகைக்கு எடுத்த காணியில் இந்த வருசம் முழுக்கக் கத்தரிதான்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அந்தத் தாளில் அந்துப்பூச்சியைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லையே? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதானே நம் ஆய்வு? கணக்குக் கொப்பியில்கூட இடது பக்கம் வண்டுக்கு, வலது பக்கம் அந்துப்பூச்சிக்கு என்று பிரித்துத் தந்தீர்கள். வண்டு பட்டப்பகலில் இலைமேல் உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். இலை வலைத்துணி மாதிரி ஆனாலும் செடி தாங்கிக்கொண்டு காய்க்கும். அந்துப்பூச்சி பகலில் கண்ணிலேயே படாது. அதன் புழு பிஞ்சைத் துளைத்து உள்ளே போய், போன வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துவிடும். வெளியே பளபளவென்றிருக்கும் காயை வெட்டினால் உள்ளே கறுப்பு. மழைக்காலப் பெரும்போகத்தில் மருந்து அடித்த பாத்தியில்தான் புழு அதிகம் என்று கண்டு நீங்களே திகைத்து நின்றீர்கள். புழுவைக் கொல்லும் சின்னக் குளவிகள் மருந்தில் செத்துப்போகின்றன என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அது அடுத்த தாளில் வருமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும், வெட்கமாக இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் என் பெயரைப் போடுவதாகச் சொன்னீர்களே, வந்துவிட்டதா? அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும். தம்பி பெண்சாதி நல்லம்மா நான் புளுகுவதாக நினைக்கிறாள்.

பாலம்மா


இங்கிலாந்து,
10.06.1979

அன்புள்ள பாலம்மா,

உன் கடிதத்தைப் பிரித்ததும் மிளகு வாசம் வந்தது. உண்மையாகவே வந்ததா, நான் நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. இங்கே ஜூன் மாதத்திலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் ஆய்வுகூடத்துக்குப் போகிறேன். சோற்றுக்கு ஒரு கறி வைத்தால் மாடியில் இருக்கும் கிழவி ஜன்னலைத் திறந்து வைக்கிறாள்.

துண்டுப்பிரசுரம் அடித்தது கம்பனிக்காரர்கள். அதில் எதைப் போடுவது, எதை விடுவது என்பது என் கையில் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு விசயம் சொன்னால்தான் சனங்களுக்குப் பிடிபடும் என்று நினைத்திருப்பார்கள். அந்துப்பூச்சியைப் பற்றிப் பிறகு வரும், இன்ஷா அல்லாஹ்.

கட்டுரையில் என்னிடம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது படியெடுத்து அனுப்புகிறேன்.

பெரும்போகத்துக் கொப்பி உன்னிடம் தங்கிவிட்டதல்லவா? மழையில் நனைந்த கொப்பி. வீட்டில் வைத்திருந்தால் பூச்சி அரிக்கும். இனி அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, எரித்துவிடு.

இருளப்பனுக்கும் நல்லம்மாவுக்கும் என் சலாம்.

றம்லத்


கட்டுகஸ்தோட்டை,
26.08.1979

றம்லத் மிஸ்ஸுக்கு,

இந்தத் தடவை வெட்டித் திருத்தவில்லை.

ஜூலை பதினேழாம் தேதி இருளப்பன் ஒன்பதாவது தடவையாக மருந்து அடித்தான். பாதிக் காணி முடியும் முன் முதுகில் மாட்டிய டாங்கியோடு குப்புற விழுந்துவிட்டான். வாயில் நுரை. கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. நல்லம்மா கத்திக்கொண்டு றோட்டுக்கு ஓடி, மணல் லொறி ஒன்றை மறித்து, அதில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர்மார் காப்பாற்றித் தந்தார்கள். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்து, பழையபடி பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் கழித்து, காலையில் செருப்புப் போடப் போனவன், "அக்கா, கால்ல செருப்பு ஏற மாட்டேங்குது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். குனிந்து பார்த்தேன். பாதம் துணி மாதிரித் தொங்கியது. பின்னேரத்துக்குள் மற்றக் காலும் அப்படியே ஆகிவிட்டது. மருந்தின் நஞ்சு நரம்புக்குப் போய்விட்டதாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று டொக்டர் சொன்னார். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

அவனை விட்டுவிட்டு நான் காணிக்குப் போனேன். ஒரு வண்டுகூட இல்லை. இலையெல்லாம் படத்தில் போட்டது மாதிரி அழகாக இருந்தது. நாற்பது காய் பறித்து வெட்டினேன். இருபத்துமூன்றில் புழு.

அடுத்த நாள் கெட்டம்பைக்குப் போய், தோட்டத்து லைப்ரரியில் இருக்கும் கிளார்க் இராமகிருஷ்ணன் ஐயாவிடம் உங்கள் கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தார். "பெரும்போக எண்ணிக்கை தொடர்மழையினால கைவிடப்பட்டதுன்னு போட்டிருக்கு பிள்ள" என்றார். இன்னொரு தடவை வாசியுங்கள் என்றேன். அதையேதான் வாசித்தார்.

கைவிடப்பட்டதா மிஸ்? பதினொரு கிழமை, செவ்வாயும் வெள்ளியும், தலையில் உரப் பையைக் கவிழ்த்துக்கொண்டு நான் எண்ணினேன். அட்டை கடித்த இரத்தம் அந்தக் கொப்பியில் இன்னும் இருக்கிறது. கொப்பி நனையக் கூடாது என்று நீங்கள் குடை பிடித்தீர்கள். உங்கள் உம்மா கொடுத்தனுப்பிய இஞ்சித் தேத்தண்ணியை ஒரே பிளாஸ்க் மூடியில் மாறி மாறிக் குடித்தோம்.

என் பெயரையும் பார்க்கச் சொன்னேன். தலைவருக்கு நன்றி, கம்பனிக்கு நன்றி, கடைசியில் "தொழிலாளர்கள்" என்று ஒரு சொல். "அதுல நீங்களும் அடக்கந்தானே" என்று பாவம், அவர் சமாதானம் சொன்னார்.

கொப்பியை நான் எரிக்கவில்லை.

பாலம்மா


இங்கிலாந்து,
20.09.1979

பாலம்மா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இருளப்பனுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நீ அதை நம்ப மாட்டாய்.

நடந்ததைச் சொல்கிறேன். சிறுபோகத்தில் மருந்து அடித்த பாத்தி நன்றாக வந்தது. அது பொய் இல்லை. பெரும்போகக் கணக்கைக் கொண்டுபோய்த் தலைவரிடம் காட்டினேன். அவர் வலது பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினார். இதைப் போட்டால் கம்பனி விலகிவிடும், கம்பனி விலகினால் அவர்கள் தரும் இங்கிலாந்துப் புலமைப்பரிசிலும் இல்லை, எது வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வா என்றார். கொப்பியை உன்னிடம் திருப்பித் தந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அக்குறணையில் பாத்திரக்கடைக்காரரின் மகனுக்கு என்னைப் பேசி வைத்திருந்தார்கள். வாப்பா சொன்னது இதுதான்: "ஸ்கொலர்ஷிப் கெடச்சாப் போ. இல்லாட்டி நோன்புப் பெருநாள் முடிய நிக்காஹ்." எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் பெண் நான். எனக்கு இருந்தது ஒரே ஒரு கதவு.

நான் ஓர் இலக்கத்தையும் மாற்றவில்லை. ஒரு போகத்தை விட்டேன், அவ்வளவுதான். இங்கே வந்து, அந்துப்பூச்சியை முறையாக மறுபடி ஆராய்ந்து, எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர்கள் தாள் அடித்து ஊரெல்லாம் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

காற்றுக்கு எதிரே நின்று, மூக்குக்கு ஒரு துணிகூடக் கட்டாமல் அடிக்கச் சொன்னது நானா? இந்த வரியை வெட்ட வேண்டும். வெட்டினாலும் நான் நினைத்தது நினைத்ததுதான், அதனால் விட்டுவிடுகிறேன்.

றம்லத்


கட்டுகஸ்தோட்டை,
14.10.1979

மிஸ்,

அவன் நல்லம்மாவின் பழைய சேலையைக் கிழித்து மூக்கில் கட்டியிருந்தான். தாளில் இருக்கும் மனுசன்தான் சட்டைகூட இல்லாமல் சிரித்துக்கொண்டு மருந்து அடிக்கிறான்.

உங்களுக்கு ஒரு கதவுதான் இருந்தது என்கிறீர்கள். இருக்கலாம். அதைத் திறக்க நீங்கள் என் பதினொரு கிழமையை எடுத்தீர்கள். என்னிடம் கேட்டிருந்தால், நீங்கள் போவதற்காக நானே சரி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் பக்கத்துக் காணிகளில் மூன்று பேர் அந்தத் தாளைப் பார்த்து அடிக்கிறார்கள். நான் போய்ச் சொன்னால், "அச்சடிச்ச பேப்பர்ல பொய் இருக்குமா பாலம்மா?" என்று கேட்கிறார்கள். அதனால் எனக்கு உங்கள் அழுகை வேண்டாம், துஆவும் வேண்டாம். பெரும்போகம் எண்ணப்பட்டது, அதன் கணக்கு இன்னது என்று உங்கள் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வேண்டும். கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு கிழமையின் கூட்டுத்தொகையையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொப்பியை அனுப்ப மாட்டேன்.

பாலம்மா


இங்கிலாந்து,
08.01.1980

பாலம்மா,

நீ கேட்டது இதோடு இருக்கிறது. தலைவருக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம், ஆங்கிலத்தில். இராமகிருஷ்ணன் ஐயாவிடம் வாசித்துக் கேட்டுக்கொள். எதையும் மறைக்கவில்லை. எண்ணியவள் நீ என்பதை உன் முழுப் பெயரோடு எழுதியிருக்கிறேன்.

நானே நேரே தபாலில் போடாமல் ஏன் உனக்கு அனுப்புகிறேன் என்று கேட்பாய். மூன்று நாள் தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தேன். என்னால் முடியவில்லை. இது அவர்கள் கைக்குப் போனால் என் படிப்பு முடிந்தது. அதைத் தெரிந்துகொண்டு நீ முடிவு செய். கொடுத்தாலும் சரி, கொடுக்காமல் விட்டாலும் சரி, நான் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இங்கே பனி கொட்டுகிறது. பேச ஒருவரும் இல்லை.

றம்லத்


கட்டுகஸ்தோட்டை,
30.03.1980

மிஸ்,

உங்கள் கடிதத்தை நான் பதினொரு நாள் அலுமாரியில் வைத்திருந்தேன். வேலைக்குப் போய் வந்து ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் ஒருத்தியின் படிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியும். தெரிந்துதான் என் கையில் தந்திருக்கிறீர்கள் என்பதும் எனக்கு விளங்காமல் இல்லை.

பன்னிரண்டாம் நாள், பக்கத்துக் காணி காளிமுத்துவின் மகளைத் தலைசுற்றல், வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்து அடித்த அன்றே காய் பறிக்கப் போனவள். பதினாறு வயது. பிழைத்துவிட்டாள். நான் ஸ்டோருக்குப் போகாமல் கெட்டம்பைக்கு பஸ் ஏறினேன்.

தலைவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். கொப்பியையும் விரித்துக் காட்டினேன். அதை அவர் தொடவே இல்லை. "உனக்குப் பிரஜாவுரிமை இருக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். "எத்தனையாம் வகுப்பு?" என்றார். எட்டு என்றேன். எட்டாம் வகுப்புப் படித்தவள் எண்ணிய கணக்கை வைத்துக்கொண்டு ஒரு கம்பனியோடு எப்படிப் பேசுவது என்று கேட்டார். சிறுபோகத்தையும் நான்தான் எண்ணினேன், அதை மட்டும் எப்படி அச்சடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டார்.

உங்கள் கடிதத்தை அவர் வைத்துக்கொண்டார். தாளைத் திரும்பப் பெறுவது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றரை மாதம் பார்த்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

இப்படித்தான் நடந்தது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

பாலம்மா


அக்குறணை,
17.08.1980

பாலம்மா,

விலாசத்தைப் பார். ஜூன் மாதமே வந்துவிட்டேன். ஆறு மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு உனக்குத் தபாலில் எழுதுகிறேன்.

தலைவர் என் கடிதத்தின் பிரதியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். கூடவே தன் கடிதம் ஒன்றும். இந்தப் பெண் தன்னையும் ஏமாற்றிவிட்டாளாம், தனக்கு எதுவுமே தெரியாதாம். விசாரணை அரை மணி நேரம் நடந்தது. தலைவர் சொல்லித்தான் செய்தேன் என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. பட்டத்துக்கான பதிவை ரத்துச் செய்தார்கள். அவர் இன்னும் அதே அறையில் இருக்கிறார். போன மாதம் கண்டியில் ஒரு கூட்டத்தில் புள்ளி வண்டைப் பற்றிப் பேசினாராம்.

நீ என்ன சாதித்தாய், சொல். தாள் இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கடைகளில் மருந்துப் போத்தலோடு சும்மா கொடுக்கிறார்கள். அதே வண்டு, அதே சிரிப்பு. தண்டனை எனக்கு மட்டும்தான். உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று எழுதினேன். அது பொய். நீ கொடுக்க மாட்டாய் என்று நம்பித்தான் அதை உனக்கு அனுப்பினேன். எழுதிவிட்டேன் என்ற ஆறுதல் எனக்கு, கொடுக்காத பாரம் உனக்கு. அப்படித்தான் கணக்குப் போட்டேன். நீ கொடுத்துவிட்டாய்.

வாப்பா என்னோடு பேசுவதில்லை. உம்மா மட்டும் விதியை நொந்து, "எல்லாம் நஸீபு மகள்" என்கிறார். பாத்திரக்கடைக்காரரின் மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. நான் காலையிலிருந்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மாத்தளை பஸ் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனையும் எழுதிவிட்டு இதையும் கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நான் உங்கள் வீட்டுக்கு வரட்டுமா? இருளப்பனை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். சண்டை பிடிப்பதானாலும் முகத்தைப் பார்த்துப் பிடிப்போம்.

றம்லத்


கட்டுகஸ்தோட்டை,
24.08.1980

மிஸ்,

நான் என்ன சாதித்தேன் என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரக் காணிகளுக்குப் போகிறேன். அங்கேயே காய் பறித்து அவர்கள் முன்னால் வெட்டிக் காட்டுகிறேன். வாடிய குருத்தையும் துளை விழுந்த காயையும் கிள்ளி எரிக்கச் சொல்கிறேன். வண்டு முட்டையை இலையோடு நசுக்கச் சொல்கிறேன். இருபத்தாறு வீட்டுக்குப் போனேன். நாலு வீட்டார் கேட்டார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். இவ்வளவுதான் நான் சாதித்தது.

உங்கள் படிப்புப் போனதற்கு நான் சந்தோசப்படவில்லை. இந்த ஒன்றை நீங்கள் நம்பலாம். தலைவர் தப்பிவிட்டதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கொதிக்கிறது. அதற்காக நாம் இருவரும் ஒரு பக்கம் என்று ஆகிவிடாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். இருளப்பனுக்கு எதுவும் தெரியாது. கட்டுரையும் தெரியாது, நீங்கள் விட்ட போகமும் தெரியாது. மருந்து கலந்த அளவில் தான்தான் பிழை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். "தாளுல சரியாத்தான் போட்டிருந்துச்சு, நாந்தான் கவனமில்லாம இருந்துட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். நான் திருத்தவில்லை. உங்களைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்போகக் கணக்கைத் தெரிந்துகொண்டே அடி என்று சொன்னது நான்.

நேரில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொன்னால் உங்களுக்குப் பாரம் இறங்கும். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். அவன் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதே வீட்டில் இருக்க வேண்டும்.

சொல்லாமல் வந்து பார்த்துவிட்டு மட்டும் போவதென்றாலும், என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வாசலுக்கு வந்ததும் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்பான். "வாங்க மிஸ், இருங்க" என்று வீட்டில் இருக்கும் ஒரே கதிரையைத் தள்ளிவிடுவான். சீமையில் படித்த மிஸ் எங்கள் வீட்டைத் தேடி வந்திருக்கிறார் என்று நல்லம்மாவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றச் சொல்வான். அக்காவுக்கு வேலை பழக்கிக் கொடுத்ததற்கும், எங்களைப் போன்றவர்களுக்காக அந்தத் தாளை எழுதியதற்கும், நிற்க முடியாத காலில் நின்றுகொண்டு உங்களுக்கு நன்றி சொல்வான்.

நீங்கள் அதை வாங்கிக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன்.

வராதீர்கள்.

பாலம்மா